தக்காளியின் தோலும் சதையும் விதைக்கூழும்

100 கிராம் பழுத்த தக்காளியில் 94 கிராமுக்கு மேல் தண்ணீரே இருக்கிறது. எஞ்சிய ஐந்தாறு கிராமில் பெரும்பகுதியைச் சர்க்கரையும் நார்ப்பொருளும் சிட்ரிக், மாலிக் அமிலங்களும் எடுத்துக்கொள்ள, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்று வேதியியல் நூல்களும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று மருந்துக்கடை விளம்பரங்களும் குறிப்பிடும் சேர்மங்களுக்குக் கிடைப்பது மில்லிகிராம் கணக்கிலான இடம் மட்டுமே. அந்தச் சிறு அளவும் பழம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. எந்த ரகம், பழத்தின் எந்தப் பகுதி, எந்தப் பருவத்தில் எப்படிப் பழுத்தது என்பவற்றைப் பொறுத்து அது பல மடங்கு கூடவும் குறையவும் செய்கிறது. சமையலின்போது உரித்தெறியப்படும் தோலிலும் வழித்து ஒதுக்கப்படும் விதைக்கூழிலும் அதில் ஏறத்தாழப் பாதி அடங்கியிருக்கிறது என்பது, கடந்த இருபது ஆண்டுகளில் வெவ்வேறு நாட்டு ஆய்வகங்கள் அளந்து கண்ட செய்தி.

ஆக்சிஜனேற்றம் என்பது, சுருக்கமாகச் சொன்னால், ஒரு மூலக்கூறு தன் எலக்ட்ரானை இழக்கும் வேதிவினை. உயிரணு ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும்போதும், வெயிலின் புற ஊதாக் கதிர் திசுக்களில் படும்போதும், புகையும் மாசும் உடலுக்குள் நுழையும்போதும், இணை சேராத எலக்ட்ரான் ஒன்றைத் தாங்கிய, நிலைகொள்ளாத துகள்கள் பிறக்கின்றன. தனி உறுப்புகள் எனப்படும் இவை, அருகிலுள்ள கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துத் தம் குறையைத் தீர்த்துக்கொள்ள, பறிகொடுத்த மூலக்கூறு தானும் தனி உறுப்பாக மாறி அடுத்ததைத் தாக்க, வினை சங்கிலித்தொடராக நீள்கிறது. தன்னிடமுள்ள எலக்ட்ரானைக் கொடுத்தோ, தாக்கவரும் மூலக்கூறின் மிகை ஆற்றலை வாங்கி வெப்பமாக வெளியேற்றியோ இந்தத் தொடரை அறுக்கும் சேர்மமே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்.

தக்காளிச் செடி இச்சேர்மங்களை மனிதரின் நலம் கருதி உண்டாக்குவதில்லை. ஓடி ஒளிய முடியாமல் ஓரிடத்தில் வேரூன்றி நிற்கும் உயிர், கடும் வெயிலையும் பூச்சியையும் பூஞ்சையையும் தாங்கிக்கொள்ளத் தன் திசுக்களுக்குள்ளேயே பாதுகாப்பை அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழுத்த கனியைப் பறவைக்கும் விலங்குக்கும் காட்டிக்கொடுக்கும் நிறமும் அதற்குத் தேவைப்படுகிறது. இவ்விரு தேவைகளையும் நினைவில் கொண்டால், எந்தச் சேர்மம் பழத்தின் எப்பகுதியில் திரள்கிறது என்பதற்கான காரணம் பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

தக்காளியில் உள்ள தடுப்பான்களை, அவை கரையும் இடத்தைக் கொண்டு இரண்டாகப் பிரிக்கலாம். கொழுப்பில் கரைபவை ஒரு வகை: சிவப்பு நிறத்துக்குக் காரணமான லைகோபீன், ஆரஞ்சு நிறப் பீட்டா கரோட்டின் ஆகிய கரோட்டினாய்டு நிறமிகளும், வைட்டமின் ஈ என்று அறியப்படும் டோகோஃபெரால்களும் இதில் அடங்கும். நீரில் கரையும் வகையில் முதலில் வருவது வைட்டமின் சி. சதையில் பரவலாக உள்ள குளோரோஜெனிக் அமிலமும், தோலில் திரளும் ரூட்டின், நாரிஞ்செனின் சால்கோன் போன்ற ஃபிளேவனாய்டுகளும் அதையடுத்து வருகின்றன. பின்னிரண்டையும் சேர்த்து ஃபீனாலிக் சேர்மங்கள் என்பர். இவற்றில் சில, எண்ணெய்க்கும் நீருக்கும் இடைப்பட்ட தன்மையுடையவை.

இவற்றுள் அதிகம் பேசப்படுவது லைகோபீன். தக்காளியின் சிவப்பு நிறமி காரட்டிலுள்ள கரோட்டினிலிருந்து வேறானது என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மெல்ல மெல்லத் தெளிவாகி, 1903இல் அதற்கு லைகோபீன் என்ற பெயர் வழங்கியது. 1910இல் ரிச்சர்ட் வில்ஷ்டேட்டரும் அவருடைய உதவியாளரும் 40 கார்பன் அணுக்களும் 56 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட அதன் மூலக்கூறு வாய்பாட்டைக் கண்டறிந்தனர். அதன் முழு அமைப்பை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவிய சுவிஸ் வேதியியலாளர் பால் காரர், கரோட்டினாய்டுகள் பற்றிய ஆய்வு உள்ளிட்ட பணிகளுக்காக 1937இல் நோபல் பரிசு பெற்றார். நீண்டு நேராகக் கிடக்கும் இந்த மூலக்கூறில் உள்ள 13 இரட்டைப் பிணைப்புகளில் 11 ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசையாக அமைந்திருக்கின்றன. அந்த வரிசையின் நீளமே பச்சை, நீல ஒளியை உறிஞ்சிச் சிவப்பை வெளிவிடவும், ஆற்றல் மிகுந்த ஆக்சிஜனை அடக்கவும் அதற்கு வகைசெய்கிறது. ஒற்றை நிலை ஆக்சிஜன் எனப்படும் அந்தக் கொடிய வடிவை அடக்குவதில் உயிர்களில் காணப்படும் கரோட்டினாய்டுகளுள் லைகோபீனே முதலிடம் பெறுகிறது என்று 1989இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் ஸீஸின் குழு சோதனைக்குழாய் ஆய்வில் காட்டிய பிறகே, அதுவரை வெறும் நிறமியாகக் கருதப்பட்ட பொருள் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. பீட்டா கரோட்டினைப் போல இது உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவதில்லை; அதற்கு வேண்டிய வளைய அமைப்பு லைகோபீன் மூலக்கூறின் முனைகளில் இல்லை.

பழத்தின் பகுதிகளைத் தனித்தனியே பிரித்து அளந்த ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, நியூஸிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூர், சேவேஜ் ஆகியோர் 2005இல் வெளியிட்டது. அங்கே பயிராகும் மூன்று ரகங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தோல், கூழோடு சேர்ந்த விதை, சதை என மூன்றாகப் பிரித்து அவர்கள் அளந்தபோது, தோலும் விதைப்பகுதியும் சேர்ந்து பழத்தின் மொத்த ஃபீனாலிக் சேர்மங்களிலும் ஃபிளேவனாய்டுகளிலும் பாதிக்கு மேலும், லைகோபீனில் ஏறக்குறைய பாதியும், வைட்டமின் சி-யில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேலும் கொண்டிருந்தன. எடையில் பெரும்பங்கு சதைக்கே உரியது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த அளவின் பொருள் விளங்கும். அதற்கு முந்தைய ஆண்டில் புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள், வயலில் விளைந்த 12 தக்காளி வகைகளைத் தோல், சதை எனப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும் இதே திசையைக் காட்டியது: சம எடைக்குச் சம எடை பார்க்கையில், தோலில் லைகோபீன் சதையைவிடச் சராசரியாக இரண்டரை மடங்கு இருந்தது. மண்ணும் வானிலையும் ரகங்களும் முற்றிலும் வேறான இரண்டு நாடுகளில் கிடைத்த முடிவுகள் ஒத்துப்போவதால், இது ஏதோ ஒரு ரகத்துக்கு மட்டும் உரிய இயல்பு என்று ஒதுக்கிவிட இடமில்லை.

தோலுக்கு இந்தச் சிறப்பு வாய்ப்பதற்குக் காரணம் வெயில். புற ஊதாக் கதிரை முதலில் எதிர்கொள்ளும் பகுதி அதுவாகையால், அக்கதிரை உறிஞ்சித் தடுக்கும் ஃபிளேவனாய்டுகளைச் செடி அங்கேயே குவிக்கிறது; ரூட்டினும் குவெர்செட்டினும் சேர்ந்த ஃபிளேவனால் என்ற பிரிவில் ஏறத்தாழ 98 விழுக்காடு தோலில்தான் இருக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தோலின் மேற்பரப்பை மூடிய மெழுகுப்படலத்தில் நாரிஞ்செனின் சால்கோன் என்னும் மஞ்சள் நிறச் சேர்மம் படிகிறது. பழத்தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் மஞ்சள் சாயல் இதனால் வருவது. சிவந்த சதையின்மேல் மஞ்சள் படலம் போர்த்தியதால்தான் பெரும்பாலான தக்காளி செங்கல் நிறச் சிவப்பாகத் தோன்றுகிறது. இந்தச் சேர்மத்தை உண்டாக்கத் தூண்டும் மரபணு பழுதுபட்ட ரகங்களில் தோல் நிறமற்றுப் போக, அதே சிவந்த சதை இளஞ்சிவப்பாகத் தெரியும். சீனாவிலும் ஜப்பானிலும் அதிகம் விரும்பி உண்ணப்படும் இளஞ்சிவப்புத் தக்காளிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் லைகோபீனில் குறைவில்லை என்றாலும் தோலின் ஃபிளேவனாய்டு வளம் குறைவு.

தோலில் செல்வம் திரண்டிருக்கும்போது, பழம் சிறுக்கச் சிறுக்க எடைக்கு இணையான தோலின் பங்கு கூடும் என்பது எளிய வடிவக் கணக்கு. செர்ரித் தக்காளி என்று விற்கப்படும் சிறு ரகங்கள் ஒரு கிராமுக்குக் கூடுதல் ஃபிளேவனால் தருவதற்கு இதுவே முதற்காரணம். தோட்ட ரகங்களின் மூதாதையான, பெரு, எக்குவடோர் கரையோரங்களில் இன்றும் காட்டுச்செடியாக வளரும் சிறு தக்காளி, பட்டாணியைவிடச் சற்றே பெரிய பழத்தைத் தருவது. அதன் பல வகைகளில் லைகோபீனும் வைட்டமின் சி-யும் தோட்டத் தக்காளியைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. பல நூறாண்டுத் தேர்வில் பழத்தின் எடை நூறு மடங்குக்கு மேல் பெருக, அந்தப் பெருக்கத்தில் சதையும் நீருமே முன்னே சென்றன.

விதைகளைச் சூழ்ந்த வழுவழுப்பான கூழுக்கு வேறொரு சிறப்பு உண்டு. வைட்டமின் சி அதில் நன்கு செறிந்திருக்கிறது. தக்காளிக்கே உரிய சுவைக்கு அடிப்படையான குளுட்டமிக் அமிலமும் சதையைவிடக் கூழில் பல மடங்கு இருப்பதை 2007இல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. கூழை வழித்தெறிந்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்கிச் சேர்க்கும் உணவக வழக்கம், சத்தோடு சுவையையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. விதைக்குள் இருப்பது எண்ணெய். அதில் காமா வகை டோகோஃபெரால் அடங்கியுள்ளது, ஆனால் மெல்லப்படாத விதை செரிக்காமல் வெளியேறிவிடுவதால் உண்பவருக்கு அதனால் கிடைக்கும் பயன் சிறிதே. தக்காளி விதை சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் என்று தமிழ்நாட்டில் பரவலாக நம்பப்படுவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கல் உருவாவதில் பங்குள்ள ஆக்சலேட் தக்காளியில் பசலைக்கீரையோடு ஒப்பிட மிகச் சொற்பம். விதை உருமாறிக் கல்லாவதும் இல்லை. ஏற்கெனவே கல் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரின் அறிவுரைப்படி நடப்பது முறை. நலமாக உள்ளவர்கள் விதைக்கு அஞ்சிக் கூழை இழக்க வேண்டியதில்லை.

ரகங்களுக்கு இடையிலான வேறுபாட்டை, பழத்தின் நிறத்தைக் கொண்டே பெருமளவு படித்துவிடலாம். கரோட்டினாய்டுகள் உருவாகும் வினைத்தொடர், பல மதகுகள் கொண்ட வாய்க்காலை ஒத்தது: நிறமற்ற ஃபைட்டோயீன் முதலில் தோன்றி, படிப்படியாக லைகோபீனாகி, பிறகு நொதிகளின் செயலால் பீட்டா கரோட்டினாகவும் லூட்டினாகவும் பிரிந்து செல்கிறது, எந்த இடத்தில் மதகு அடைபடுகிறதோ அதற்கு மேலே சரக்கு தேங்குகிறது. சாதாரணச் சிவப்புத் தக்காளி பழுக்கும்போது முதல் மதகு அகலத் திறந்து, லைகோபீனுக்குக் கீழேயுள்ளவை பெரும்பாலும் மூடிக்கொள்வதால் லைகோபீன் தேங்கிப் படிகங்களாகத் திரள்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை 100 கிராம் சமைக்காத தக்காளிப்பழத்துக்குச் சராசரியாக 2.6 மில்லிகிராம் லைகோபீனும், 0.45 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும், 14 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான வைட்டமின் சி-யும் குறிக்கிறது.

முதல் மதகே திறக்காத ரகங்களில் சதை வெளிர் மஞ்சளாகிவிடும். லைகோபீன் அவற்றில் ஏறக்குறைய இல்லை. டாஞ்சரின் என்று பெயர் பெற்ற ஆரஞ்சு நிற வகையில், லைகோபீனை நேராக்கும் நொதி பழுதுபட்டிருப்பதால் வளைந்து மடங்கிய லைகோபீன் தேங்குகிறது. இவ்வளைவு ஒரு குறைபாடாகத் தோன்றினாலும் உண்பவருக்கு ஆதாயமாக முடிகிறது: நேரான லைகோபீன் படிகமாக இறுகிக் குடலில் கரைய மறுக்க, வளைந்தது எளிதில் கரைந்து உட்செல்கிறது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், டாஞ்சரின் தக்காளிச் சாற்றைப் பருகியவர்களின் இரத்தத்தில் சிவப்புத் தக்காளிச் சாற்றைப் பருகியவர்களைவிட எட்டரை மடங்கு திறமையாக லைகோபீன் ஏறியது. அளவு கூடிய பழத்தைவிட உட்கொள்ளக்கூடிய வடிவில் சத்தைத் தரும் பழம் மேலானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தக்காளி ஆய்வில் இல்லை. இன்னொரு ஆரஞ்சு வகையோ முற்றிலும் வேறான காரணத்தால் அந்நிறம் பெறுகிறது: காட்டுத் தக்காளியிலிருந்து வந்த பீட்டா என்னும் மரபணு லைகோபீனுக்குக் கீழேயுள்ள மதகைத் திறந்துவிட, பெரும்பகுதி பீட்டா கரோட்டினாக மாறிவிடுகிறது; வைட்டமின் ஏ பற்றாக்குறை உள்ள மக்களுக்கு இது பொருந்தும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு ஆரஞ்சுத் தக்காளிகள் சத்தில் இவ்வளவு விலகி நிற்பது வியப்புக்குரியது.

கருஞ்சிவப்பாகவும் காப்பிக்கொட்டை நிறமாகவும் தோன்றும் ரகங்களில் லைகோபீனோடு, சிதையாமல் தங்கிவிட்ட பச்சையமும் கலந்திருக்கிறது; சிவப்பும் பச்சையும் கலந்த பழுப்பு நிறமே கறுப்பாகத் தெரிகிறது. உண்மையான ஊதா நிறம் ஆந்தோசயனின் என்ற ஃபிளேவனாய்டால் வருவது. கத்தரிக்காயின் தோலுக்கும் நாவல்பழத்துக்கும் நிறம் தருவதும் இதே வகை. சிலி நாட்டிலும் காலாபகஸ் தீவுகளிலும் வளரும் காட்டினங்களிலிருந்து இப்பண்பைச் சாதாரண ஒட்டு முறையில் தக்காளிக்குக் கொண்டுவந்து, ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் இண்டிகோ ரோஸ் என்ற ரகத்தை வெளியிட்டது; அதன் ஊதா, வெயில் படும் தோலோடு நின்றுவிடுகிறது. சதையும் ஊதாவாக இருக்கும் தக்காளியை, இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் மையத்தில் கேத்தி மார்ட்டின் குழுவினர் ஸ்னாப்டிராகன் என்னும் பூச்செடியின் இரண்டு மரபணுக்களைச் செலுத்தி 2008இல் உருவாக்கினர். எளிதில் புற்றுநோய்க்கு ஆளாகும் எலிகளுக்கு அதன் பொடியைக் கலந்து ஊட்டியபோது அவற்றின் சராசரி ஆயுள் 142 நாளிலிருந்து 182 நாளாகக் கூடியது என்று அவர்கள் அறிவித்தனர். எலியிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. 2022இல் அமெரிக்க வேளாண் துறையின் ஒப்புதல் கிடைத்து, 2024இல் அதன் விதைகள் அந்நாட்டின் வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு விற்பனைக்கு வந்தன.

ஒரே நேரத்தில் லைகோபீன், வைட்டமின் சி, ஃபிளேவனாய்டுகள் ஆகிய எல்லாவற்றையும் கூட்டும் மரபணு மாற்றமும் தக்காளியில் உண்டு. 1917இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கேம்பெல் சூப் நிறுவனத்தின் வயலில் தானாகத் தோன்றிய ஒரு செடியில் அது முதலில் கவனிக்கப்பட்டது. ஒளியை உணரும் அமைப்பை மிகையாகத் தூண்டுவதால், அச்செடியின் காயில் பசுங்கணிகங்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் பெருகுகின்றன. பழுக்கும்போது பசுங்கணிகங்களே வண்ணக்கணிகங்களாக மாறுவதால் நிறமிகளும் அந்த அளவுக்குக் கூடுகின்றன. இத்தனை சிறப்பிருந்தும், நாற்று மெதுவாக வளர்தல், தண்டு எளிதில் முறிதல், விளைச்சல் குறைதல் ஆகிய குறைகள் சேர்ந்தே வருவதால் இது வயல்களில் பரவலாக இடம்பிடிக்கவில்லை. சத்துக்காகக் கூடுதல் விலை கிடைக்காத சந்தையில் விளைச்சலைக் குறைத்துக்கொள்ளும்படி உழவரைக் கேட்பது நியாயமும் ஆகாது.

இதற்கு நேர் எதிரான ஒரு மாற்றமோ உலகெங்கும் பரவியது. காம்பைச் சுற்றிக் காயின் மேற்பகுதி அடர்பச்சையாக இருப்பதைப் பச்சைத் தோள் என்பர். அது பழுத்த பின்னும் மஞ்சளாகவோ இறுகலாகவோ எஞ்சுவதுண்டு. காய் முழுவதும் ஒரே வெளிர் பச்சையாக இருந்து, ஒரே சீராகச் சிவக்கும் வகைகள் அறுவடைக்கும் ஆலைக்கும் வசதியாக இருந்ததால், ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகப் பயிர்ப்பெருக்க வல்லுநர்கள் அவற்றையே தேர்ந்து வந்தனர். பச்சைத் தோளை இழந்த காயில் பசுங்கணிகங்களின் வளர்ச்சியைத் தூண்டும் மரபணு ஒன்று செயலற்றுப் போயிருக்கிறது என்பதும், அது இயங்கும் பழத்தில் சர்க்கரையும் லைகோபீனும் கூடுதலாக உண்டாகின்றன என்பதும் 2012இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வால்தான் தெரியவந்தன. கண்ணுக்கு அழகான சீரான சிவப்பைத் தேடிச் சென்றவர்கள், அறியாமலேயே சுவையிலும் சத்திலும் ஒரு பகுதியை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 ரகத்தின் தட்டையான உருண்டைக் காய்களில் பச்சைத் தோள் தெளிவாகத் தெரியும். நாட்டுத் தக்காளி என்று தமிழ்நாட்டுச் சந்தைகளில் விற்கப்படும் பழங்கள் பலவற்றிலும் அதைக் காணலாம். வாங்குவோர் அதை முற்றாத காயின் அடையாளமாகக் கருதி ஒதுக்குவது வருந்தத்தக்கது.

ரகம் எதுவானாலும், லைகோபீன் உருவாவதைக் கடைசியில் தீர்மானிப்பது வெப்பம். ஏறத்தாழ 16 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக நடைபெறும் அவ்வினை, 30 டிகிரிக்கு மேல் தளர்ந்து, 32ஐத் தாண்டினால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பீட்டா கரோட்டின் உருவாவதோ அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் சமவெளிப் பகுதிகளில் இலை மறைவின்றிக் காய்க்கும் தக்காளி எத்தனை நாள் ஆனாலும் சிவக்காமல் ஆரஞ்சு கலந்த மஞ்சளிலேயே நிற்பதன் காரணம் இதுவே. பறித்த பிறகும் இதே விதி தொடர்கிறது. இளஞ்சிவப்பான தக்காளியை 10 நாள் வைத்துப் பார்த்த லிங்கன் பல்கலைக்கழகத்தின் மற்றொரு ஆய்வில், 15, 25 டிகிரிகளில் இருந்தவற்றின் லைகோபீன் 7 டிகிரிக் குளிரில் இருந்தவற்றைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. முழுதும் பழுக்காத தக்காளியைக் குளிர்பெட்டியில் வைப்பது அதன் பழுத்தலை இடையில் நிறுத்திவிடும். காற்றோட்டமான கூடையில் வைத்துப் பழுக்கவிட்டு, கனிந்த பின் கெடாமலிருக்க வேண்டுமானால் குளிரூட்டுவதே முறை.

எருவும் இதில் பங்கு பெறுகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 10 ஆண்டு காலம் சேர்த்து வைத்த தக்காளி மாதிரிகளை ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், இயற்கை முறையில் விளைந்தவற்றில் ஃபிளேவனால்களான குவெர்செட்டின் 79 விழுக்காடும் கெம்ப்ஃபெரால் 97 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும் செடி வளர்ச்சிக்கே முதலிடம் தந்து தற்காப்புச் சேர்மங்களைக் குறைத்துக்கொள்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

இனி அடுப்பைப் பார்க்கலாம். காய்கறியை வேகவைத்தால் சத்து போய்விடும் என்ற பொதுக் கருத்து, தக்காளியைப் பொறுத்தவரை பாதி மட்டுமே உண்மை. 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் தக்காளியை 88 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தபோது வைட்டமின் சி 29 விழுக்காடு குறைந்தது. அதே நேரத்தில் பிரித்தெடுக்கக்கூடிய லைகோபீன் 164 விழுக்காடு கூடியது, மொத்த ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றலும் 62 விழுக்காடு உயர்ந்தது. வெப்பம் புதிதாக லைகோபீனை உண்டாக்குவதில்லை. உயிரணுச் சுவரையும் வண்ணக்கணிகத்தையும் உடைத்து, உள்ளே பூட்டிக்கிடந்ததை வெளியே விடுகிறது. அப்படி வெளிவந்தது கொழுப்பில்தான் கரையும் என்பதால், எண்ணெய் இல்லாமல் உண்டால் குடலைக் கடந்து வீணாகும். 1997இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் சம அளவு லைகோபீனை எண்ணெயுடன் சேர்த்து ஒருமுறை சமைக்காத தக்காளியாகவும் மறுமுறை தக்காளி விழுதாகவும் கொடுத்துப் பார்த்தபோது, விழுதே இரத்தத்தில் இரண்டரை மடங்கு உயர்ந்த அளவைத் தந்தது. நல்லெண்ணெயில் தக்காளியைத் தோலும் கூழுமாகப் போட்டு எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கும் தக்காளித் தொக்கு, ஆய்வகம் வகுத்த நிபந்தனைகள் அத்தனையையும் நிறைவேற்றும் உணவு. அதன் உப்பையும் எண்ணெயையும் அளவோடு வைத்துக்கொண்டால் போதும். ரசத்துக்குத் தக்காளியைக் கையால் கரைத்துவிட்டுத் தோலைப் பிழிந்து எறியும் வழக்கத்துக்குப் பதிலாக, தோலோடு அரைத்துச் சேர்த்துத் தாளிப்பது நல்லது.

இத்தனை சொன்ன பிறகு, இச்சேர்மங்கள் உடலில் உண்மையில் எவ்வளவு பயன் தருகின்றன என்ற கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். சோதனைக்குழாயில் தனி உறுப்பை அடக்கும் ஆற்றலை அளப்பது எளிது. அந்த எண்ணை உடல்நலத்தின் அளவுகோலாகக் கொள்வது பிழை. உணவுப்பொருள்களை இவ்வாற்றலின்படி வரிசைப்படுத்திய தன் அட்டவணையை, விளம்பரங்கள் தவறாகப் பயன்படுத்துவதைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க வேளாண் துறை 2012இல் விலக்கிக்கொண்டது. 1995இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 48,000 ஆண்களின் உணவுப் பழக்கத்தைப் பின்தொடர்ந்து, தக்காளிச் சாஸை அடிக்கடி உண்டவர்களிடையே புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் குறைவாக இருந்ததைக் கண்டனர்; அத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிறுவாது. 2005இல் சான்றுகள் அனைத்தையும் பரிசீலித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தக்காளி உணவுக்கான ஆதாரம் மிகக் குறைவு என்றும், தனியே பிரித்தெடுத்த லைகோபீனுக்கு நம்பத்தகுந்த ஆதாரமே இல்லை என்றும் முடிவு செய்தது.

மாத்திரையாக விழுங்குவதில் ஆபத்தும் உண்டு என்பதைப் பின்லாந்தில் நடந்த பெரிய சோதனை உணர்த்தியது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்துவந்ததில், நுரையீரல் புற்றுநோய் குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக 18 விழுக்காடு கூடியது. 1994இல் வெளியான அம்முடிவு, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்ற எளிய நம்பிக்கையை உடைத்தது. பழத்தில் இச்சேர்மங்கள் பலவும் சிறு சிறு அளவில், நாரோடும் பொட்டாசியத்தோடும் கலந்து வருகின்றன. ஒன்றை மட்டும் பிரித்து மிகையாகக் கொடுப்பது வேறு செயல். லைகோபீன் மாத்திரைக்குச் செலவிடும் பணத்துக்குப் பல கிலோ தக்காளி கிடைக்கும்.

கெட்சப்பும் விழுதும் செய்யும் ஆலைகளில் தோலும் விதையும் சக்கையாகப் பிரிந்து, பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவோ குப்பையாகவோ போகின்றன. அச்சக்கையிலிருந்து லைகோபீனைப் பிரித்து உணவு நிறமியாகப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. விலை வீழ்ச்சியின்போது தக்காளியைச் சாலையோரம் கொட்டும் நிலை ஆண்டுதோறும் திரும்பும் நாட்டில், சாறு பிழியும் சிறு ஆலைகளும் சக்கையைப் பயனாக்கும் ஏற்பாடும் அருகருகே அமைய வேண்டும் என்பது அரசும் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளும் எடுத்துக்கொள்ளத் தகுந்த பணி. வீட்டளவில் செய்ய வேண்டியது இதைவிட எளிது. பூச்சிமருந்து எச்சம் நீங்க ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுக. நன்கு சிவக்கும்வரை கூடையில் வைத்திருக்க. பச்சைத் தோள் கொண்ட நாட்டுப் பழத்தைக் கண்டால் ஒதுக்காமல் வாங்குக. தோலையும் கூழையும் எறியாமல் எண்ணெய் சேர்த்துச் சமைத்து உண்க.